எரிஞ்சா, இல்லாட்டி, முடிஞ்சிது

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் பேனாவால் எழுதித்தான் இந்தத் தொடரை அனுப்புகிறேன். என் கையெழுத்து, ஓடுகிற லோரியில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்னும் வசப்படவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் இதைத் தட்டச்சு செய்யும் தங்கை போன வாரம் போன் செய்து, "அங்கிள், இது 'விளக்கு'தானே?" என்று கேட்டார். விளக்குதான். இந்த வாரமும் விளக்குதான். நிறைய இடத்தில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிரே வந்தது

திருவிழா அன்று மத்தியானம். கிள்ளானில் நான் பல வருடமாக விளக்கு வேலை செய்யும் கோயில். ரதம் கொட்டகைக்குள் நின்றது. வெளியே நல்ல வெயில். உள்ளே மல்லிகைச் சரத்தின் வாசனையும் புதுப் பெயிண்டின் நெடியும் கலந்து கிடந்தன.

ரதத்தின் கூரைக்கு அடியில், சாமி உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, வட்டமாக விளக்குகள் பொருத்தியிருந்தேன். ஒன்று அணையும், அடுத்தது எரியும். பார்ப்பவருக்கு ஒளி சுற்றி ஓடுவதுபோல் தெரியும்.

கோயில் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, ரதத்தை வலம் வந்தார். பாதியில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். இரண்டடி நடந்து மறுபடி நின்றார்.

"நடேசன், இங்க வாப்பா."

போனேன்.

"நான் இப்படிப் போறேன். லைட்டு எப்படி வருது, பாரு."

பார்த்தேன். ஒளி அவருக்கு எதிரே வந்தது.

"சனமெல்லாம் சாமிய வலம் வரும். உன் லைட்டு மட்டும் இடமா சுத்துமா? எந்தக் கோயில்லப்பா இந்த வழக்கம்?"

பக்கத்தில் நின்ற பொருளாளர், "பழைய லோரிக்காரர் லா, தலைவரே. ரிவர்ஸ் கியர் போட்டுட்டாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"சாயந்திரம் சாமி ஏறணும். சரி பண்ண முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு. முடியலன்னா மேல உள்ளதை அணைச்சிடுவோம். அடுத்த வருஷ வேலைய கோலாலம்பூர் கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த ரதத்தைப் பார்த்துத்தான் மற்ற கோயில்காரர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். அது போனால் எல்லாமே போகும். திரும்ப லோரிக்குப் போகலாம் என்றால் என் முதுகு விடாது.

"பார்க்கிறேன் ஐயா" என்றேன். முடியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரோட்டுப் பலகை படித்தவன்

படிப்பைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தேன். அதற்குமேல் மலாய் இடைநிலைப் பள்ளிக்குப் போக, முதலில் ஒரு வருடம் மொழி பழக ரிமூவ் கிளாஸ் போக வேண்டும். அந்த வருடம் அப்பா படுத்த படுக்கை. நான் லோரியில் ஏறினேன், முதலில் சாமான் இறக்குகிற ஆளாக, பிறகு டிரைவராக.

ஆங்கில எழுத்துகளை எனக்குப் பழக்கியவை ரோட்டுப் பலகைகள்தான். காஜாங், மேரு, கம்போங் மேடான் என்று எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதன் பொருளைத் தேட வேண்டியதில்லை. ஊர் வந்துவிடும். இந்தப் பழக்கம் பின்னால் எனக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

முதுகு போன பிறகு, தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் விளக்கு கட்டுகிறவர்களோடு சேர்ந்தேன். ஏணி பிடித்தேன், வயர் இழுத்தேன், வயர் நுனியை ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டர் வைக்கக் கற்றுக்கொண்டேன். யாரோடும் அதிகம் பேசாமல் செய்யக்கூடிய வேலை. எனக்குப் பிடித்துப்போனது.

அங்கேதான் ரேமண்ட் அறிமுகமானார். பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை வைத்திருந்தார். விளக்குகளை ஓட்டுகிற போர்டுகளை அவர்தான் செய்தார். ஒவ்வொரு போர்டிலும் ஒரு சிப். அதற்குள் அவர் எழுதிய புரோகிராம். நான் போர்டை வாங்கி, கோயில் கோயிலாக மாட்டுவேன். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ரேமண்டிடம் கொண்டுபோவேன். அவர் கீபோர்டைத் தட்டுவார், நான் தேத்தண்ணி வாங்கி வருவேன்.

அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். போகும்போது எல்லாப் புரோகிராம்களையும் ஒரு பென்டிரைவில் போட்டுச் சும்மாவே கொடுத்தார். "வச்சுக்கங்க அண்ணே. உங்களுக்கு உதவும்" என்றார். அவருக்கு நான் நன்றியுள்ளவன். மழையிலும் புகையிலும் அந்தப் போர்டுகள் ஒருநாளும் நின்றதில்லை.

ஆனால் அந்தப் புரோகிராமை யாராலும் படிக்க முடியவில்லை.

நடுவில் மல்லிகா

என் மனைவி மல்லிகாவின் தங்கை கோமதி. பாலிடெக்னிக் படித்தவள். மேருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. பென்டிரைவை அவளிடம் காட்டச் சொன்னது மல்லிகாதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் கோமதிக்கும் பேச்சு கிடையாது. சண்டையெல்லாம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படி. கொழுந்தியாளிடம் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. அதோடு என் கூச்சம். அதோடு அவள் படித்தவள். "வாம்மா", "சாப்பிட்டியா", இவ்வளவுதான். மற்றதெல்லாம் மல்லிகா வழியாகப் போகும், மல்லிகா வழியாக வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோமதி வருவாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரிப்பாள். நான் ஹாலில் நாற்காலியில் இருப்பேன். மல்லிகா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஞாயிறுகூட யாராவது ஒரு கைக்குழந்தை ஸ்பிரிங் தொட்டிலில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை ஆட்டிக்கொண்டே நடுவில் நிற்பாள்.

"அக்கா, சுவிட்ச் அமுக்கினா லைட்டு நிக்கணுமா, ஓடிக்கிட்டே இருக்கணுமான்னு அத்தான்கிட்ட கேளு."

"ஏங்க, சுவிட்ச் அமுக்கினா லைட்டு நிக்கணுமா?"

"சாமி இறங்குறப்ப நிக்கணும்."

"சாமி இறங்குறப்ப நிக்கணுமாம்."

"கேட்டுச்சுக்கா. நாலடி தள்ளித்தான் இருக்காரு."

முதல் ஞாயிறு அவள் ரேமண்டின் புரோகிராமைத் திறந்தாள். கீழே கீழே உருட்டிக்கொண்டே போனாள். பிறகு சிரித்தாள். பக்கம் பக்கமாகப் போன அந்த எழுத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மனிதர் படிக்கிறமாதிரி ஒரு குறிப்பு இருந்ததாம். அதுவும் மலாயில், 'ஜாங்கான் செந்தோ'. தொடாதே என்று.

"இது அசெம்ப்ளிக்கா. சிப்போட சொந்த பாஷை. ஒவ்வொரு அசைவையும் தனித்தனியா சொல்லணும்."

"ஏன், நீ வேலையில எழுதுற பாஷையில எழுதேன்?"

"இந்தச் சிப் ரொம்பச் சின்னதுக்கா. அந்த பாஷையில எழுதினா இதுல கொள்ளாது. பெரிய சிப் போடணும்னா எல்லாக் கோயில் போர்டையும் கழட்டி மாத்தணும்."

கழற்றி மாற்ற எனக்கு ஏது வசதி? மல்லிகாவே சொல்லிவிட்டாள்: "அதெல்லாம் ஆகாதுடி."

எனக்குப் புரியாம நான் என்னத்தச் சொல்ல?

இரண்டாவது ஞாயிறோ மூன்றாவதோ, அந்தப் புரோகிராம் எப்படி ஓடுகிறது என்பதை எனக்குப் புரியவைக்கப் பார்த்தாள் கோமதி. மல்லிகா வழியாகத்தான்.

"அக்கா, இந்த பிட் செட்டா இருந்தா அடுத்த வரிய ஸ்கிப் பண்ணும், இல்லன்னா அங்கிருந்து கீழ ஒரு லேபிளுக்கு ஜம்ப் ஆகும்னு அத்தான்கிட்ட சொல்லு."

மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, என்னமோ செட்டாம், ஸ்கிப்பாம், அப்புறம் ஜம்பாம்." பிறகு தங்கையிடம் திரும்பினாள். "ஏன்டி, எனக்குப் புரியாம நான் என்னத்தச் சொல்ல? அந்த லைட்டு என்ன செய்யுதுன்னு ஒழுங்காச் சொல்லேன்."

"லைட்டா? கடைசி லைட்டு எரிஞ்சா முதல் லைட்டப் போடணும். இல்லாட்டி அடுத்த லைட்டுக்கு நகரணும்."

"இதச் சொல்றதுக்கா இவ்வளவு? ஏங்க, கடைசி லைட்டு எரிஞ்சா முதல் லைட்டப் போடுமாம். இல்லாட்டி அடுத்ததுக்கு நகருமாம். அவ்வளவுதான், முடிஞ்சிது."

எனக்கு உடனே புரிந்தது. அதைத்தானே நான் பல வருடமாக ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

கோமதி மட்டும் அசையாமல் அக்காவையே பார்த்தாள்.

"அக்கா, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"எரிஞ்சா, இல்லாட்டி, முடிஞ்சிது. அதை."

மல்லிகா சொன்னாள். கோமதி தட்டினாள். அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அவள் செய்தது என்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அந்தச் சிப்புக்கு 'இருந்தால் இதைச் செய்' என்பது தெரியாது. 'இருந்தால் அடுத்த வரியைத் தாண்டு' என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே செய்ய வேண்டியதைத் தலைகீழாக யோசித்து, இங்கிருந்து கீழே தாவு, அங்கிருந்து மேலே வா என்று எழுத வேண்டும். படிக்கிறவனுக்கு எங்கே போய் எங்கே வருகிறோம் என்றே தெரியாது.

கோமதி அந்தத் தாண்டலையும் தாவலையும் ஒரு மூட்டையாகக் கட்டி, அதற்கு 'எரிஞ்சா' என்று பெயர் வைத்தாள். இன்னொரு மூட்டைக்கு 'இல்லாட்டி'. இன்னொன்றுக்கு 'முடிஞ்சிது'. மேக்ரோ என்பார்களாம். நாம் பெயரை மட்டும் எழுதினால் போதும். சிப்புக்குள் போவதற்கு முன் லேப்டாப்பே மூட்டையைப் பிரித்து, உள்ளே இருக்கிற பழைய வரிகளைப் போட்டுவிடும். சிப்புக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதே பழைய வரிகள், அதே இடம். மாறியது படிக்கிறவனுக்கு மட்டும்தான்.

"ரொம்பப் புத்திசாலிடி நீ" என்றாள் மல்லிகா.

"நான் கண்டுபிடிச்சதில்லக்கா. அசெம்ப்ளி எழுதுறவங்க அந்தக் காலத்துலேயே இப்படிச் செஞ்சிருக்காங்க. இங்கிலீஷ்ல வைப்பாங்க. நான் உன் வாயில வந்ததை வச்சேன்."

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சொல் சேர்ந்தது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய ஒரு மூட்டை வேண்டும் என்றாள் கோமதி. மல்லிகா தொட்டிலை ஆட்டியபடியே, "நான் இப்ப செய்யுறதுதானே? இவன் தூங்குற வரைக்கும் ஆட்டணும்" என்றாள். அது 'வரைக்கும்' ஆனது. விளக்குக்கு விளக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு 'பொறு கொஞ்சம்', 'பொறு நிறைய'. விளக்குகளின் பெயர்களை என்னிடம் கேட்டு வாங்கினாள், மல்லிகா வழியாகத்தான். கூரை, படி, திருவாச்சி. திசைக்கு 'வலம்', 'இடம்'.

இப்படி ரேமண்டின் புரோகிராம் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எழுதிவிட்டாள். சிப்பில் ஏற்றும் சின்னப் பெட்டியையும் தன் பழைய லேப்டாப்பையும் எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனாள். நான் யாரும் இல்லாத நேரத்தில் திறந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆங்கில எழுத்து, வார்த்தை மட்டும் நம் வீட்டுத் தமிழ். ரோட்டுப் பலகைபோலத்தான்.

இந்த வருடத் திருவிழாவுக்குக் கூரை விளக்கு புதிதாகச் செய்தோம். வட்டத்தை ஹாலில் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். மல்லிகா இடுப்பில் ஒரு பிள்ளையோடு அதைச் சுற்றி வலமாக நடந்தாள். ஒளியும் அவளோடு வலமாகவே ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

தரையில் மேல்நோக்கி இருந்த வட்டத்தைத்தான் நான் ரதத்தின் கூரையில் கீழ்நோக்கிப் பொருத்தினேன். கல்லில் ரொட்டி சானாயைத் திருப்பிப் போட்டமாதிரி. திருப்பினால் வலம் இடமாகும் என்பது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

வேன் பின்கதவில்

அப்படித்தான் அன்று ஒளி தலைவருக்கு எதிரே வந்தது.

வயரை மாற்றலாமா என்றால், மழைக்காகக் கோந்து பூசி அடைத்து, அதன்மேல் தாமரை வரைந்த பலகையை அறைந்திருந்தார்கள். அன்றைக்குள் ஆகாது.

மல்லிகா எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கோமதிக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். அன்று அவளுக்கு ஷிப்ட். தொழிற்சாலைக்குள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"நீங்களே பாருங்களேன்" என்றாள்.

"நானா?"

"தினமும் திறந்து திறந்து படிக்கிறீங்கல்ல. எனக்குத் தெரியாதா?"

வேன் பின்கதவைத் திறந்து, லேப்டாப்பை வைத்தேன். பழையதை அப்படியே வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். கோமதி அப்படித்தான் செய்வாள், பார்த்திருக்கிறேன். 'கூரை' என்ற இடத்தைத் தேடினேன். இப்படி இருந்தது. உங்களுக்காகத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்:

எரிஞ்சா கடைசி
போடு முதல்
இல்லாட்டி
நகர்த்து வலம்
முடிஞ்சிது
பொறு கொஞ்சம்

'வலம்' என்பதை அழித்து 'இடம்' என்று ஒற்றை விரலால் தட்டினேன். சிப்பில் ஏற்றினேன். சுவிட்சைப் போட்டேன்.

ஒரே ஒரு விளக்கு மினுங்கியது. பிறகு கூரை முழுக்க இருண்டது.

கொட்டகைக்குள் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். தலைவர் தூணில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரேமண்டின் பழைய எழுத்தாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

மல்லிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன எழுதியிருக்கு? படிங்க, கேக்குறேன்."

மெதுவாகப் படித்தேன். "கடைசி எரிஞ்சா முதலைப் போடு. இல்லாட்டி இடமா நகர்த்து."

"சரி, முதல்லயிருந்து இடமா போனா எங்க போகும்?"

"எங்கயும் போகாது. அதுக்கு அந்தப் பக்கம் விளக்கே…"

நிறுத்தினேன். முதல் விளக்குக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஒளி விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்துவிட்டது. முன்பு கடைசிக்கு வந்தால் முதலுக்குப் போகச் சொல்லியிருந்தாள். இப்போது முதலுக்கு வந்தால் கடைசிக்குப் போகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எரிஞ்சா முதல். போடு கடைசி. இரண்டு வரியையும் மாற்றி ஏற்றினேன்.

கூரையில் ஒளி கிளம்பியது. தலைவர் தூணை விட்டு வந்தார். கைகூப்பி நடக்கத் தொடங்கினார். ஒளி அவரோடு போனது. அவரைத் தாண்டிப் போனது. சுற்றி வந்து மறுபடி தாண்டியது. முழுச் சுற்றும் முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வலமாத்தான் சுத்துது. ஆனா என்னப்பா இந்த ஓட்டம் ஓடுது? வயசானவன் கூட வர வேணாமா?"

'கொஞ்சம்' என்பதை 'நிறைய' ஆக்கினேன். இந்த முறை எனக்குப் பயமே இல்லை.

தலைவர் மறுபடி ஒரு சுற்று வந்தார். பொருளாளரிடம் திரும்பி, "கோலாலம்பூர்க்காரன் கேட்டா, ஆள் இருக்குன்னு சொல்லிடு" என்றார்.

கேட்பதற்கு முன்

சாமி ரதத்தில் ஏறுகிற நேரத்துக்குக் கோமதி வந்தாள், தொழிற்சாலைச் சட்டையோடு. கும்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"அக்கா, கூரையில யார் கை வச்சா? நான் எழுதினது இப்படி ஓடாதே."

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கூரையில…"

"நான்தாம்மா" என்றேன் கோமதியிடம். "திருப்பி மாட்டினதுல இடமா சுத்திருச்சு. வலத்தை இடமாக்கினேன். இருட்டிப்போச்சு. அப்புறம் முதலையும் கடைசியையும் மாத்திப் போட்டேன். பொறுக்கிற நேரமும் கூட்டினேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "பழசை எடுத்து வச்சீங்களா, அத்தான்?" என்று கேட்டாள்.

"வச்சிருக்கேன். வேற பேர்ல."

"படி லைட்டைத் தொட்டீங்களா?"

"படி நேராத்தான் இருக்கு. தொடல."

"அடுத்த தடவை வலமா இடமான்னு ஒரே வரியில சொன்னா முதலும் கடைசியும் தானா மாறுற மாதிரி பண்ணிடலாம், அத்தான்."

"பண்ணலாமா? அப்ப திருவாச்சிக்கும் அதே மாதிரி வேணும்மா."

மேளம் தொடங்கிவிட்டது. நாங்கள் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருந்தது. இருவருக்கும் நடுவில் நின்ற மல்லிகா ஒருமுறை என் முகத்தையும் ஒருமுறை தங்கை முகத்தையும் பார்த்தாள். "அப்ப என் வேலை போச்சா?" என்று கேட்டாள்.

கோமதி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று எல்லாம் பேசினேன். நன்றி என்று மட்டும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, ரதம் நகர்ந்துவிட்டது. இந்தப் பக்கங்களை எழுதத் தொடங்கியபோது மல்லிகாவிடம், "நீ சொல்லிடேன்" என்றேன். "இதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று தொட்டிலை ஆட்டப் போய்விட்டாள்.

கோமதி, நன்றிம்மா. இப்போது நான் என் வேலையைப் படிக்கிறேன்.

எழுதியது: கிள்ளான், திருவிழா முடிந்து ரதக் கொட்டகையைப் பிரித்த மறுநாள், செவ்வாய்க்கிழமை.